எழுதிய தடையும் எழுதாத தடையும்

யாழ்ப்பாணச் சரித்திரத்தில் 1816ஆம் ஆண்டை இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைத்திருக்க வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் 12ஆந் திகதி முதல் அடிமைத் தாய்மார் வயிற்றிற் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர்களாகவே கொள்ளப்படுவர் என்று இலங்கையின் அடிமை உடைமையாளர் பலர் இணங்கினர். பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் எடுத்த முயற்சியின் பலன் அது. அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த பாதிரிமார் தெல்லிப்பழையிலே தங்கள் வேலையைத் தொடங்கினர். டானியல் பூவர், எட்வர்ட் வாரன் ஆகிய பெயர்கள் அத்தொடக்கத்தோடு சேர்ந்தவை. சிறிது காலத்தில் மெயிக்ஸ் என்பவரும் ரிச்சர்ட்ஸ் என்பவரும் வட்டுக்கோட்டையில் இரண்டாவது நிலையத்தை அமைத்தனர்.

ஒன்று சட்டத்தின் வழியே வந்த மாற்றம். மற்றது சமயத்தின் வழியே வந்த மாற்றம். இரண்டும் ஒரே மனிதரின் படலையடியில் வந்து நின்றன. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரை அடிமைகளின் வரிசையிலே வைத்திருந்தது. அந்த அடிமைத்தனம் படிப்படியாகத் தளர்ந்து, 1844இல் சட்டப்படி முற்றாக ஒழிந்தது. சட்டத்தின் முன் விடுதலை பெற்ற அந்த மனிதர் கடவுளின் வீட்டிலும், கடவுளின் பெயரால் நடந்த பள்ளிக்கூடத்திலும் எங்கே இருந்தார்? வாங்கிலா, தரையிலா? யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவத்தின் சரித்திரத்தை எழுதுவோர் செமினரியையும் அச்சுக்கூடத்தையும் வைத்தியசாலையையும் விரிவாக எழுதுகின்றனர். அவை எழுதப்பட வேண்டியவையே. வாங்கின் சரித்திரமும் அவற்றோடு சேர்த்து எழுதப்பட வேண்டியது.

அமெரிக்கப் பாதிரிமார் சாதியை ஆதரித்து வந்தவர்களல்லர். எல்லா மனிதரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்பதே அவர்கள் பிரசங்கித்த செய்தி. ஆனால் பள்ளிக்குப் பிள்ளைகள் வரவேண்டுமே! மிஷனின் ஆரம்ப விடுதிப் பள்ளிகளிலே சேர்ந்த பையன்கள் மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றை உண்ண மறுத்தனர். உண்டால் சாதி போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினர். ஆகவே வளவுக்கு வெளியே, சைவர் ஒருவரின் காணியிலே அடுக்களை அமைத்துச் சைவச் சமையற்காரரைக் கொண்டு சமைக்க வேண்டியதாயிற்று. படிப்பு வளவுக்குள்ளே, சாப்பாடு வளவுக்கு வெளியே. நாளடைவிலே பையன்கள் வளவுக்குள் வந்து உண்ணத் தொடங்கினர் என்பது உண்மை. ஆயினும் பாதிரிமாரின் முதல் விட்டுக்கொடுப்பு இந்த அடுக்களையிலேதான் நடந்தது.

1823இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. வானசாஸ்திரமும் கணிதமும் தமிழும் ஆங்கிலமும் அங்கே உயர்ந்த தரத்திற் கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். அச்செமினரி தமிழுக்குச் செய்த உதவியை எவரும் மறுப்பதற்கில்லை. அதேவேளை அங்கே படித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெள்ளாளர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிற சாதியாரைச் சேர்க்கக் கூடாதென்று விதி எதுவும் இருக்கவில்லை. விதி தேவைப்படவுமில்லை. ஒரு நளவச் சிறுவனைச் சேர்த்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்ற அச்சமே விதியின் வேலையைச் செய்தது. ஊரின் மதிப்புப் பெற்றோரைக் கல்வியால் வென்றால் ஊர் முழுவதும் பின்னால் வரும் என்றும் பாதிரிமார் எண்ணினர்.

அதன் விளைவு பாதிரிமார் நினைத்த அளவில் நிற்கவில்லை. ஆங்கிலம் படித்தவன் ஆசிரியனானான், எழுதுவினைஞனானான், சட்டம் படித்தான். அவன் பேரன் மலாயாவுக்குப் போய்ப் பணம் அனுப்பினான். ஊரிலே முன்பே காணி வைத்திருந்தவருக்கு இப்போது உத்தியோகமும் கைக்கு வந்தது. காணியும் உத்தியோகமும் இல்லாதவர் மேலும் பின்னே தள்ளப்பட்டார். மிஷனுக்கு எதிராக எழுந்த சைவ மறுமலர்ச்சியும் இவ்விடயத்தில் வேறு பாதையிற் போகவில்லை. சைவப் பாடசாலைகளும் அதே வரம்பைக் காத்தன.

இந்த இக்கட்டு யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. தஞ்சாவூரிலே கிறிஸ்தவர்கள் தேவாலயத்திற் சாதிவாரியாகப் பிரிந்திருந்தனர். 1833இல் கல்கத்தா பேராயர் டானியல் வில்சன், திருச்சபைக்குள்ளே சாதி உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்று கடிதம் விடுத்தார். அங்கே சாதி வழக்கத்தின் பக்கம் நின்று வாதாடியவர்களுள் ஒருவர், பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார். நம் தமிழுக்கு இனிய பாட்டுகளைத் தந்த அதே பக்தர்தாம்! யாழ்ப்பாண மிஷனிலிருந்து கிளைத்து 1834இல் தொடங்கிய மதுரை அமெரிக்க மிஷன், 1847இல் ஒரு சோதனை வைத்தது. சாதியை விட்டதற்குச் சாட்சியாக எல்லோரும் ஒன்றாக இருந்து உண்ண வேண்டும் என்றது. மறுத்தவர்கள் சபையிலிருந்து விலகினர். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திலே கத்தோலிக்க ஆலயத்துள் ஒரு சுவரே எழும்பியிருந்தது. வெள்ளாளர் ஒருபுறம், நாடார் மறுபுறம், நடுவிலே பொதுவான பீடம். 1910இல் கௌசானல் அடிகள் அச்சுவரை இடிப்பித்தார். சுவரைத் திரும்பக் கேட்டு வெள்ளாளர் நீதிமன்றம் போய்த் தோற்றனர்.

யாழ்ப்பாணத்திலே அப்படியொரு செங்கற்சுவர் எழவில்லை. அதனாலேயே இடிக்கவும் ஒருவர் வேண்டியிருக்கவில்லை.

இவ்விடத்தில் அந்தப் பாதிரிமாரின் சொந்த நாட்டுக்கு ஒருமுறை போய்வருவோம். நமது கதையின் அளவை அறிய அது உதவும். பூவரும் அவருடைய தோழரும் யாழ்ப்பாணத்திலே அடுக்களைப் பிரச்சினையோடு போராடிக்கொண்டிருந்த காலத்தில், 1830இல், நியூயோர்க் மாநிலத்திலே யோசேப்பு ஸ்மித் என்பவர் ஒரு புதிய சபையைத் தொடங்கினார். மோர்மன் சபை என்று உலகம் அதை அழைக்கிறது. அச்சபையிலே குருத்துவம் என்பது சிலருக்கு மட்டும் உரிய தொழிலன்று. தகுதியுள்ள ஆண்கள் யாவரும் அதைப் பெறுவர். ஆகவே ஒருவருக்குக் குருத்துவம் மறுக்கப்பட்டால், அவருக்கு முழு உறுப்புரிமையே மறுக்கப்பட்டதாகும்.

தொடக்கத்திலே மறுப்பு இருக்கவில்லை. எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் 1836இல் குருத்துவம் பெற்றார். ஸ்மித் கொல்லப்பட்ட பின்னர் அச்சபையை மேற்கே யூட்டாப் பாலைநிலத்துக்கு நடத்திச் சென்றவர் பிரிகாம் யங். 1852இல், யூட்டாச் சட்டசபையின் முன்னே, ஆபிரிக்க வம்சத்தில் வந்தவர்களுக்குக் குருத்துவம் இல்லை என்று அவர் அறிவித்தார். காயீன்மேல் விழுந்த சாபத்தை அதற்குக் காரணமாகக் காட்டினார். அவர் பேசிய சபை அதே அமர்விலே அடிமை முறைக்குச் சட்ட உருக் கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1862இல் அமெரிக்கக் காங்கிரஸ் அங்கே அடிமைத்தனத்தை ஒழித்தது. சட்டம் போயிற்று, சாபம் நின்றது. யாழ்ப்பாணத்திலே 1844இல் அடிமைச் சட்டம் போன பின்னரும் தரை நின்றதல்லவா? அதுபோல.

யூட்டாவின் தடை தோலின் நிறத்தைப் பார்த்த தடை என்று பலர் எண்ணுவர். அது முழு உண்மையன்று. கரிய நிறத்தவரான பிஜித் தீவினருக்கு 1950களில் அங்கே குருத்துவம் அளிக்கப்பட்டது. வெள்ளைத் தோலுடையவராயினும் ஆபிரிக்க முன்னோர் ஒருவர் இருப்பது தெரிந்தால் அவருக்குக் கதவு மூடியது. பார்க்கப்பட்டது நிறமன்று, பிறப்பு. பிறப்பால் வரும் இழிவு, முற்பிறவிப் பலன் என்ற விளக்கம், தீட்டு, இவையெல்லாம் நமக்குக் கேட்டுப் பழகிய சொற்கள். காயீனின் சாபம் போதாதென்று தோன்றிய காலத்தில், பிறப்பதற்கு முந்திய உலகத்திலே அந்த ஆன்மாக்கள் குறைபட நடந்திருக்க வேண்டும் என்றும் மோர்மன்கள் சிலர் விளக்கம் எழுதினர். இதை வாசிக்கும் தமிழன் தன் வீட்டுத் திண்ணைப் பேச்சை நினைத்துக்கொள்வான்.

அந்தத் தடைக்குள்ளே வாழ்ந்து மறைந்தவர்களுள் ஜேன் மானிங் ஜேம்ஸ் என்ற பெண்மணி ஒருவர். கனெக்டிகட் மாநிலத்திலே அடிமையாக அன்றிச் சுதந்திரமாகப் பிறந்தவர். 1840களின் தொடக்கத்தில் தன் குடும்பத்தாருடன் ஸ்மித்தின் ஊரை நோக்கிப் புறப்பட்டார். வழியிலே கறுப்பினத்தவர் என்பதால் படகில் ஏற்ற மறுத்தார்கள். எண்ணூறு மைல் தூரத்தை அவர்கள் நடந்தே கடந்தனர். 1847இல் யூட்டாவுக்கு வந்து சேர்ந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். ஆலயத்தின் உயர் சடங்குகளைத் தனக்கும் தருமாறு சபைத் தலைவர்களை அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். 1894இல் கிடைத்தது என்ன? மறுமையிலே ஸ்மித்தின் குடும்பத்துக்குப் பணிப்பெண்ணாக இணைக்கும் ஒரு சடங்கு. அதையும் அவருக்காக வேறொருவர் ஆலயத்துள்ளே நின்று நிறைவேற்றினார். வாசலுக்கு வெளியே நின்ற ஜேன் 1908இல் அதே சபையின் விசுவாசியாகவே கண் மூடினார்.

அத்தடை எப்படி விழுந்தது? 1949இல் சபையின் தலைமை, இது நிர்வாக ஏற்பாடன்று, கர்த்தரின் நேரடிக் கட்டளை என்று எழுத்திலே அறிவித்திருந்தது. 1973இல் லெஸ்டர் புஷ் என்ற மோர்மன் மருத்துவர் பழைய ஆவணங்களைப் புரட்டி ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஸ்மித் காலத்திலே இத்தடைக்கான வெளிப்பாடு எதுவும் கிடைக்கவில்லை என்பது அதன் சாரம். கட்டளை என்று சொல்லப்பட்டதற்குக் கட்டளையைக் காணோம்! இதற்கிடையிலே நைஜீரியாவிலும் கானாவிலும் மக்கள் தாமாகவே அச்சபையின் நூல்களை வாசித்து, போதகரை அனுப்புங்கள் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர். பிரேசிலிலே சாவோ போலோ நகரில் ஆலயம் கட்டப்பட்டது. கலப்பு வம்சம் நிறைந்த அந்நாட்டில் யாருடைய பாட்டன் ஆபிரிக்கன் என்று யார் தேடுவது? 1978 ஜூன் மாதத்திலே, தலைவர் ஸ்பென்சர் கிம்பால் காலத்தில், தகுதியுள்ள ஆண்கள் யாவருக்கும் குருத்துவம் உண்டு என்ற அறிவிப்பு வெளியாயிற்று. 126 ஆண்டுத் தடை ஓர் அறிக்கையோடு முடிந்தது. 2013இல் அச்சபை வெளியிட்ட கட்டுரையொன்று, சாபக் கதையையும் முற்பிறப்புக் கதையையும் வெளிப்படையாகவே கைவிட்டது.

அறிக்கையோடு மனங்களும் மாறின என்று சொல்ல முடியாது. ஆயினும் ஒரு திகதி இருக்கிறது. இந்த நாள் வரை மறுத்தோம், இந்த நாளோடு நிறுத்தினோம் என்று அச்சபை தன் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பிள்ளைகளும் முன்னோரைக் கேள்வி கேட்கலாம்.

யாழ்ப்பாணத்திலே அந்தத் திகதியை எங்கே தேடுவது? தடை எழுதப்பட்டிருந்தாலல்லவா நீக்கமும் எழுதப்படும்! நமக்கு மிக அருகில் இருப்பது 1929ஆம் ஆண்டு. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிலே சகல பிள்ளைகளுக்கும் சமமான ஆசனம் வழங்க வேண்டும் என்று கல்விப் பகுதி பணித்தது. அதுவரை வாங்கில் ஒரு பிள்ளை, தரையில் ஒரு பிள்ளை, சில இடங்களில் தாழ்வாரத்தில் ஒரு பிள்ளை என்பதே வழக்கம். அந்தப் பணிப்பு வந்ததும் குடாநாட்டிலே பெருங்குழப்பம் மூண்டது. ஆணையை மீளப்பெறுமாறு மனுக்கள் சென்றன. 1930இல் சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. ஒரு பிள்ளையைத் தரையிலிருந்து வாங்குக்கு ஏற்றும் உயரம் ஒன்றரை முழம் இருக்குமா? அந்த ஒன்றரை முழத்துக்காகக் கூரைகள் எரிந்தன.

சம ஆசனத்தின் பக்கம் நின்றவர்களையும் மறக்கக் கூடாது. வட்டுக்கோட்டையில் அந்தப் பழைய செமினரியின் வழித்தோன்றலாக 1872இல் தொடங்கிய யாழ்ப்பாணக் கல்லூரியிலே படித்து, அங்கேயே கற்பித்தவர் ஹன்டி பேரின்பநாயகம். 1924இல் அவரும் தோழர்களும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்தது. தீண்டாமை ஒழிப்பை அது தன் கொள்கைகளுள் ஒன்றாக்கியது. சகல சாதியாரும் ஒரே பந்தியில் உண்பதை நடைமுறையாக்க முனைந்தது. 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்ததும் அவ்வியக்கமே. காந்தியடிகள் இங்கே தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். பாதிரிமார் முதலில் விட்டுக்கொடுத்த அந்த அடுக்களைப் பிரச்சினையை, நூறாண்டுக்குப் பின் அவர்களுடைய பள்ளி மாணாக்கரே கையிலெடுத்தனர். மிஷன் விதைத்த நல்ல விதை முளைத்த இடமும் அதுதான்.

கொடுப்பவர்களை மட்டும் பேசினால் கதை பாதியாகிவிடும். கேட்டவர்களும் இருந்தனர். 1920களின் இறுதியிலே ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கத்தை அமைத்து உழைத்தவர்களுள் யோவேல் போல் என்ற கிறிஸ்தவர் முக்கியமானவர். 1940களிலே சிறுபான்மைத் தமிழர் மகாசபை அவ்வழியைத் தொடர்ந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் தேநீர்க் கடையிலே சிலருக்குத் தனிப் பேணியும் போத்தலும் இருந்தன. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த சத்தியாக்கிரகமும் அச்சட்டத்துக்கு உயிர் கொடுக்க எழுந்தவை.

இலக்கியத்தின் பக்கம் திரும்பினால் ஒரு செய்தி கண்ணில் படும். ஈழத்துத் தமிழிலே சாதிக் கொடுமையைக் கதையாக்கிய இரு முன்னோடிகளின் பெயர்கள் டானியல், டொமினிக். இரண்டும் ஞானஸ்நானப் பெயர்கள். கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் கிறிஸ்தவக் குடும்பங்களிலே, ஒடுக்கப்பட்ட சமூகங்களிலே பிறந்தவர்கள். கோயிலிலே பெயர் கொடுத்தார்கள். ஊர்க் கிணற்றிலே தண்ணீர் கொடுக்கவில்லை. ஜீவாவின் முதற் சிறுகதைத் தொகுதிக்குத் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்று பெயர். அது சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. வகுப்பறையிலே சாதியின் பெயரால் பெற்ற அவமானம் தம்மைப் படிப்பிலிருந்து வெளியேற்றியதை அவர் பிற்காலத்திலே பதிவுசெய்தார். சலூனிலே வேலை செய்துகொண்டு, 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. 1980களில் அவர் எழுதிய ‘கானல்’ நாவல், விடிவு தேடி மதம் மாறிய ஒடுக்கப்பட்ட மக்களின் கதை. அவர்கள் கண்டது என்ன என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

நமது சபைகளின் அறிக்கைகளிலே காணாத செய்தி இந்தப் புனைகதைகளிலே கிடைக்கிறது. எழுதாத தடைக்குச் சாட்சி, அதைச் சுமந்தவரின் எழுத்துத்தான். யூட்டாவிலே லெஸ்டர் புஷ் ஆவணங்களைத் திறந்து செய்த வேலையை, இங்கே டானியலும் ஜீவாவும் ஆவணமில்லாமலே செய்ய வேண்டியிருந்தது.

1947இல் அமெரிக்க மிஷன் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்து, சபாபதி குலேந்திரன் யாழ்ப்பாணத்தின் முதற் பேராயரானார். வெள்ளைக்காரப் பாதிரியாரின் கையிலிருந்த சபை நம்மவர் கைக்கு வந்தது. அதற்குப் பின்னும் தேங்கி நிற்பவற்றுக்கு அமெரிக்கரைக் குறைகூற முடியாது. இன்று பள்ளிகளிலே பிள்ளைகள் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை பெறுகிறார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும், சபையின் பெயருக்குக் கீழே வேறொரு பெயரையும் விசாரிக்கும் வழக்கம் முற்றாகப் போகவில்லை. அது எந்தச் சபையின் பிரமாணத்திலும் இல்லை என்று சொல்வார்கள். உண்மைதான். அன்று செமினரியின் விதிகளிலும் அது இருக்கவில்லை.

இத்தொடரைக் கேட்போரிலும் வாசிப்போரிலும் பழைய பாடசாலைகளோடும் கோயிற்பற்றுகளோடும் தொடர்புள்ளவர்கள் பலர் இருப்பார்கள். சம ஆசனம் வந்த நாட்களை நேரிற் கண்டவர்கள் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகள் இருக்கின்றன. யுத்தத்திலும் இடப்பெயர்விலும் தப்பிய பதிவேடுகளும் குறிப்பேடுகளும் அலுமாரிகளிலே கிடக்கக்கூடும். எந்தப் பள்ளியிலே எந்த ஆண்டு முதன்முதலாக ஒரு பிள்ளை தரையிலிருந்து எழுந்து வாங்கில் இருந்தது, அன்று எத்தனை பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினர், எந்த ஆசிரியர் அந்தப் பிள்ளையின் பக்கத்திலே நின்றார் என்பவற்றைத் தேடி எழுதுவது யாரையும் இழிவுபடுத்துவதற்காக அன்று. அந்த ஆண்டுகள் தெரிந்தால்தான், தரையில் இருந்தவரின் பேரப்பிள்ளையும் வாங்கில் இருந்தவரின் பேரப்பிள்ளையும் தங்கள் ஊரின் கதையை ஒரே புத்தகத்திலே வாசிக்க முடியும்.